புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே

திருவண்ணாமலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே பூ வாங்கப் போனால், கடைக்கார அம்மா மல்லிகையை முழம் போட்டுத் தருவார். அந்த முழம் யாருடைய கை முழம் என்பதில் ஒரு சின்னத் தகராறு எப்போதும் உண்டு. விரல் நுனியை லேசாக மடக்கினாலே இரண்டு பூ குறைந்துவிடும். அதே கடையில் எலுமிச்சம்பழமும் விற்கிறார்கள். அதில் இந்தத் தகராறுக்கு வழியே இல்லை. ஐந்து என்றால் ஐந்து. யாருடைய கை எண்ணினாலும் ஐந்து.

அளப்பது ஒரு வேலை, எண்ணுவது வேறு வேலை. தொல்காப்பியத்திலேயே எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் என்று தனித்தனியாகப் பிரித்து, அவை ஒன்றோடொன்று எப்படிப் புணரும் என்று இலக்கணம் சொல்லியிருக்கிறது. நுண்கணிதம் முழம் போடும் கணிதம். அதில் ஒரு நீளத்துக்கும் இன்னொரு நீளத்துக்கும் நடுவே எத்தனை நீளம் வேண்டுமானாலும் செருகலாம். நாம் பார்க்கப்போவது எலுமிச்சம்பழக் கணிதம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இங்கே ஒன்றும் கிடையாது.

பாடநூலில் இதன் பெயர் தனிநிலைக் கணிதம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இது கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயங்களின் கதி நமக்குத் தெரியும்: திருப்புதல் தேர்வு நெருங்கும் நேரத்தில் இரண்டு வகுப்பில் ஓட்டிவிடுவார்கள். பிறகு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகள் திடீரென்று இதே பாடத்தில் முழுத்தாள் எழுத வேண்டிவரும்போது முழிப்பார்கள். கணினிக்குள் இருப்பதெல்லாம் 0, 1 என்ற இரண்டு எலுமிச்சம்பழங்கள்தான். அரை என்று ஒன்று அதற்குள் இல்லை. ஆகவே கணினிக்காரர்களுக்கு இது அரிச்சுவடி. நமக்கு அந்த அளவு தேவையில்லை. கோயிலுக்குள் ஒரு நடை போய்வந்தால் பாதி பாடம் முடிந்துவிடும்.

அர்ச்சனை வரிசையில் நிற்கிறோம். தட்டை வாங்கிக்கொண்டு குருக்கள், "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்கிறார். நட்சத்திரம் 27. வரிசையில் 28 பேர் நின்றால், குறைந்தது இரண்டு பேருக்கு ஒரே நட்சத்திரம் இருந்தே தீரும். யார் அந்த இருவர், எந்த நட்சத்திரம் என்றெல்லாம் தெரியாது. ஒருவரைக்கூட விசாரிக்கவும் வேண்டாம். 27 அறை, 28 ஆள். ஆளுக்கு ஓர் அறை என்று கொடுத்துக்கொண்டே வந்தால் கடைசி ஆளுக்கு அறை இல்லை, ஏற்கெனவே ஆள் இருக்கும் அறைக்குள்தான் போக வேண்டும். ("சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) நட்சத்திரத்தோடு பாதத்தையும் கேட்டால் அறைகள் 108, அப்போது 109 பேர் வேண்டும்.

இதற்குப் புறாக்கூட்டுக் கொள்கை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டிரிக்லே என்ற ஜெர்மானியக் கணிதர் இதை இழுப்பறைகளை வைத்துச் சொன்னார். கேட்டால், இதெல்லாம் ஒரு கொள்கையா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இதன் கை நீளம். கார்த்திகை தீபத்தன்று இந்த ஊரில் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம் கூடுகிறது. மனிதர் தலையில் இருக்கும் முடி ஏறத்தாழ ஒரு லட்சம்; எவ்வளவு அடர்த்தியான தலையானாலும் ஐந்து லட்சத்தைத் தொடாது. ஆகவே அன்று மலையைச் சுற்றுகிறவர்களில், ஒரு முடிகூடக் கூடாமல் குறையாமல், ஒரே எண்ணிக்கையில் முடி உள்ள இருவர் நிச்சயம் இருக்கிறார்கள். மொட்டை போட்டவர்களைச் சொல்லி மடக்க வேண்டாம். பூஜ்யமும் ஓர் எண்ணிக்கைதான், ஆனால் அவர்களை விலக்கிவிட்டாலும் கணக்கு நிற்கும். யாராலும் எண்ணிப் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி, எண்ணாமலே, சந்தேகமின்றிப் பேச முடிகிறது.

நிச்சயம் வேண்டாம், பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால் போதும் என்றால் எத்தனை பேர் வேண்டும்? 27இல் பாதி, 14 என்பார்கள் பலரும். உண்மையில் 7 பேர் போதும். முதல் ஆள் எந்த நட்சத்திரமாகவும் இருக்கலாம். இரண்டாமவர் அவரோடு மோதாமல் இருக்க 27இல் 26 வாய்ப்பு, மூன்றாமவருக்கு 25, இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், ஆறு பேரும் வெவ்வேறு நட்சத்திரமாக இருக்க 55 சதவீத வாய்ப்பு வருகிறது. ஏழாவது ஆள் வந்ததும் அது 43 ஆகச் சரிகிறது. எல்லா நட்சத்திரமும் ஏறத்தாழச் சம வாய்ப்புள்ளவை என்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அடுத்த முறை ஒரு காரில் ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது சோதித்துப் பாருங்கள்.

இனி வெளியே வருவோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில் எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி மலையை வலமாகச் சுற்றினால் இதே வரிசையில் வரும். பாதை நேர்த்தியான வட்டம் கிடையாது. லிங்கங்களுக்கு இடையே உள்ள தூரமும் சமமில்லை. கால் வலிக்கும்போது அது நமக்கு முக்கியம். கணிதத்துக்கு அது பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது எட்டுப் புள்ளிகளும், எதற்குப் பிறகு எது என்பதும் மட்டுமே. வளைவு, மேடு, வழியில் இருக்கும் டீக்கடை, எல்லாவற்றையும் உதறிவிட்டு, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் கிடைப்பது கோட்டுரு. எளிய கோட்டுருக்களில் ஒன்று இப்படி ஒரு சுற்று.

லிங்கங்களுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுப்போம். இந்திரன் 0, ஈசானியன் 7. இந்திர லிங்கத்தில் தொடங்கி, நூறு லிங்கம் கடந்தபின் எங்கே நிற்பீர்கள்? நூறு வரை விரல் விட வேண்டாம். 100ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 4. பன்னிரண்டு முழுச் சுற்றுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம். நான்காம் எண் வருண லிங்கம். மீதியை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றுகளை மறந்துவிடும் இந்தக் கணக்குதான் பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதம். கடிகாரமும் கிழமையும் இதே கணக்கில் ஓடுகின்றன.

இப்போது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு லிங்கத்திலும் நிற்காமல், மூன்று மூன்றாகத் தாண்டி நிற்பது என்று வைத்துக்கொள்வோம். இந்திரனில் தொடங்கினால் அடுத்து நிருதி, பிறகு குபேரன், அடுத்த சுற்றில் அக்னி, வருணன், ஈசானியன், அதற்கடுத்த சுற்றில் யமன், வாயு, மறுபடி இந்திரன். மூன்று சுற்றில் எட்டு லிங்கமும் ஆயிற்று. ஒன்று விடவில்லை, ஒன்றில் இரண்டு முறை நிற்கவும் இல்லை. சரி, இரண்டிரண்டாகத் தாண்டினால்? இந்திரன், யமன், வருணன், குபேரன், மறுபடி இந்திரன். எத்தனை பௌர்ணமி நடந்தாலும் அக்னி லிங்கத்தில் நிற்கவே மாட்டீர்கள். ஆறு ஆறாகத் தாண்டினாலும் அதே நான்குதான், வரிசை மட்டும் தலைகீழ். ஐந்து ஐந்தாகத் தாண்டினால் எட்டும் கிடைக்கும்.

காரணம் மீப்பெரு பொது வகுத்தி. 3க்கும் 8க்கும் பொதுவாக இருக்கும் பெரிய வகுத்தி 1. 2க்கும் 8க்கும் 2. ஆகவே எட்டு லிங்கங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடுகின்றன, நீங்கள் ஒரு கூட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். 4 என்று தாண்டினால் நான்கு கூட்டம். இந்திரனுக்கும் வருணனுக்கும் இடையே ஊசலாட வேண்டியதுதான். தாண்டும் எண்ணுக்கும் எட்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கூட்டம். இந்த விதியைக் கொஞ்ச நேரம் இடுப்பில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்தில் தேவைப்படும்.

அதற்கு முன் ஒரு பேராசைக்காரரின் கணக்கு. எட்டு லிங்கங்களையும் எந்தெந்த வரிசையிலெல்லாம் தரிசிக்க முடியுமோ அத்தனை வரிசையிலும் தரிசிக்க ஒருவர் வேண்டிக்கொள்கிறார். முதலில் 8 தெரிவு, பிறகு 7, பிறகு 6. எல்லாம் பெருக்கினால் 40,320. பௌர்ணமிக்கு ஒன்று என்று நடந்தால் முடிக்க 3,260 ஆண்டு பிடிக்கும். எட்டு என்ற சின்ன எண்ணுக்குள் இவ்வளவு ஒளிந்திருக்கிறது. சரக்கு வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் கணினிகள் திணறுவது இந்த இடத்தில்தான். அவை எட்டு இடத்துக்கு அல்ல, எட்டு நூறு இடத்துக்கு வழி தேட வேண்டும்.

மார்கழி மாதம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் விடியும் முன்பே வாசல் தெளித்தாகிவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அத்தை கோலம் போடுவதைப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். அத்தை முதலில் புள்ளி வைப்பார். பிறகு மாவை விரலிடுக்கில் வழியவிட்டு, புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி இழை ஓடும். ஒரு நாள் நானும் நான்குக்கு நான்கு நேர்ப்புள்ளி வைத்து, சாய்வாகவே போய், ஓரத்தில் வளைந்து திரும்பி, சிக்குக் கோலம் போட்டேன். இழை தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. பாதிப் புள்ளிகளுக்கு மேல் இன்னும் சுற்றி முடியவில்லை.

"நாலுக்கு நாலுல ஒரே இழை எப்படிடா வரும்? நாலு இழை போடணும். நாலுக்கு மூணு வெச்சுப் பாரு" என்றார் அத்தை.

வைத்துப் பார்த்தேன். வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார். அத்தைக்கு விடை தெரியாமல் இல்லை. எந்த அளவுக்கு எத்தனை இழை என்று புள்ளி வைக்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எழுதிக் காட்டும் வழிதான் எனக்குக் கல்லூரி போன பிறகு கிடைத்தது.

பக்கத்தில் போய்ப் பார்ப்போம். இந்த வகைக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இழை சாய்ந்த கட்டம் போல நான்கு துண்டுகளாகப் போகிறது. 3 வரிசை, 4 நிரல் என்றால் 12 புள்ளி, 48 துண்டு. இழை ஓடும்போது மேலும் கீழும் ஆடுகிறது, இடமும் வலமும் ஆடுகிறது. மூன்று வரிசையை மேலிருந்து கீழ் போய், மறுபடி புறப்பட்ட உயரத்துக்குப் புறப்பட்ட திசையிலேயே வந்து சேர 12 துண்டு ஆகும், வரிசைக்கு நான்கு வீதம். பக்கவாட்டில் அதே போல 16 துண்டு. இழை மூடிக்கொள்ள வேண்டுமானால் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். 12க்கும் 16க்கும் மீச்சிறு பொது மடங்கு 48. இருப்பதே 48 துண்டுதான். ஆகவே ஒரே இழையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நான்குக்கு நான்கில் 64 துண்டு. மேல்கீழ் ஆட்டத்துக்கு 16, பக்கவாட்டுக்கும் 16. பதினாறாவது துண்டிலேயே இழை மூடிக்கொள்கிறது. 64இல் 16 நான்கு முறை. அத்தை சொன்ன நான்கு இழை அதுதான். ஆறுக்கு நான்கு என்றால் 96 துண்டு, 24க்கும் 16க்கும் பொது மடங்கு 48, இரண்டு இழை. எந்த அளவில் புள்ளி வைத்தாலும் இழைகளின் எண்ணிக்கை, வரிசைக்கும் நிரலுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி. இடுப்பில் முடிந்து வைத்த விதியை இப்போது அவிழ்க்கலாம். மலையைச் சுற்றும்போது லிங்கங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்ததும், வாசலில் இழைகளைப் பிரித்ததும் ஒரே எண்.

அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துக் கோடிழுத்துக் கதை சொல்வார்கள். சோனா என்று அதற்குப் பெயர். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதர் பாவ்லஸ் கெர்தஸ் அதை ஆராய்ந்தபோது அங்கும் இதே விதியைத்தான் கண்டார். நம் அறுபது ஆண்டுச் சக்கரத்தில்கூட இதன் உறவினர் உண்டு: வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30, இரண்டும் சேர்ந்து திரும்ப 60.

ஒரே இழைக்கு வருவோம். பேனாவை எடுக்காமல், போன கோட்டில் மறுபடி போகாமல் ஒரு படத்தை வரைய முடியுமா என்ற கேள்விக்கு விடை சொன்னவர் ஆய்லர். கோனிக்ஸ்பர்க் நகரத்தில் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து நடந்துவர முடியுமா என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று 1735இல் ஆய்லர் காட்டினார். ஓர் இடத்துக்குள் வர ஒரு பாலம், வெளியேற ஒரு பாலம். ஆகவே வழியில் உள்ள ஒவ்வோர் இடத்திலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். கோனிக்ஸ்பர்க்கின் நான்கு நிலப்பகுதிகளிலும் ஒற்றைப்படை. கோட்டுருவியல் என்ற துறை அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது என்பார்கள்.

ஆய்லரிடம் நம் நான்குக்கு நான்கு கோலத்தைக் காட்டினால் என்ன சொல்வார்? இழைகள் குறுக்கிடும் இடங்கள் அதில் 24. ஒவ்வொன்றிலும் நான்கு முனைகள் சேர்கின்றன. எல்லாம் இரட்டைப்படை, படமும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக இருக்கிறது. தாராளமாக ஒரே கோட்டில் வரையலாம் என்று சொல்லிவிடுவார். அவர் சொல்வது சரி. அத்தை சொன்னதும் சரி. ஆய்லர் குறுக்குச் சந்தில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்ப அனுமதிக்கிறார். கோலத்தில் அந்தச் சலுகை இல்லை. இழை இழையைக் கடக்கும்போது நேராகத்தான் கடக்க வேண்டும். சந்தில் மடக்கித் திருப்பினால் அது சிக்குக் கோலம் ஆகாது, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆய்லரின் விதியைவிட வாசலில் இருக்கும் விதி கறாரானது என்பது என் கட்சி.

இந்தக் கறாரை அறிவியலாக எடுத்துக்கொண்டவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம். சில விதிகளைக் கொடுத்தால் கணினியே கோலத்தைப் பிறப்பிக்கும் என்பது அவர்கள் காட்டியது. படங்களுக்கான இலக்கணம் என்ற கணினித் துறைக்கு வாசல் கோலம் ஓர் எடுத்துக்காட்டாகப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டில் நம் ஊர்களில் கணினியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

இதுவரை நேர்ப்புள்ளி. ஊடுபுள்ளிக்கு வேறோர் அழகு இருக்கிறது. "7 புள்ளி, 4 வரை ஊடுபுள்ளி" என்று கோலப் புத்தகங்களில் போட்டிருக்கும். நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37. இதற்குச் சின்னது 5 புள்ளி, 3 வரை: 19. அதற்கும் சின்னது 3 புள்ளி, 2 வரை: 7. ஆகச் சின்னது ஒற்றைப் புள்ளி. இவற்றை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 1. 1ம் 7ம் 8. அதோடு 19 சேர்ந்தால் 27. 37ஐயும் சேர்த்தால் 64. இவை 1, 2, 3, 4இன் கனங்கள்.

தற்செயலா? நான்கு நீளம், நான்கு அகலம், நான்கு உயரமாக வெல்லக்கட்டிகளை அடுக்குங்கள், 64 கட்டி. ஒரு மூலையில் சேரும் மூன்று முகங்களையும் ஓர் அடுக்கு உரித்தால் உள்ளே மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று, 27 மிஞ்சும். உரித்தது 37. அந்த மூலைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தால், உரித்த 37 கட்டிகளும் அறுகோணமாக, 7 புள்ளி 4 வரை ஊடுபுள்ளியாகவே தெரியும்.

இப்படி ஒவ்வோர் அடியும் முந்தைய அடியிலிருந்து எழுந்தால், முதல் அடியை மட்டும் சரிபார்த்தால் போதும். ஆயிரமாவது அடியும் தானே சரியாகிவிடும். கணிதத் தொகுத்தறிதல் என்று இதைப் பாடநூல் கனமாகச் சொல்கிறது. தீபத்தன்று விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றுவார்கள். ஒரு விளக்கிலிருந்து ஐந்து விளக்கு. மாலை மலையுச்சியில் கொப்பரை எரிந்ததும் வீடுகளில் அகல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். முதல் அகல் எரிய வேண்டும். எரியும் ஒவ்வோர் அகலும் அடுத்ததை ஏற்ற வேண்டும். இந்த இரண்டும் உறுதியானால் கடைசி அகலைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. காற்று மட்டும் கணிதத்தில் கிடையாது.

மார்கழிக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே வாசலில் வரிசைக்கு எட்டாக ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்துப் பாருங்கள். 40 புள்ளி, 160 துண்டு. இழை ஒரே ஒரு முறைதான் மூடிக்கொள்ளும், அதுவும் கடைசித் துண்டில். நடுவில் மூடிக்கொண்டால் எங்கோ ஒரு சந்தில் திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம்; அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். மாவு கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள்வது நல்லது.